செப்டிமா கிளார்க் நினைவுக் கண்காட்சி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இன்னும் சில ஞாயிறுகளில் நம் தமிழ்ப் பள்ளியின் இந்தக் கல்வியாண்டு முடிகிறது. பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. குறள் ஒப்புவித்தலில் எல்லா நிலைப் பிள்ளைகளும் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். மழலை வகுப்பு உயிரெழுத்துகளை முடித்துவிட்டது. மேல்நிலைப் பிள்ளைகள் ஆண்டுத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். ஆசிரியர்கள் அனைவருக்கும் பாராட்டுகள்.

படிக்கத் தெரியாத கறுப்பினப் பெரியவர்கள் எழுத்தறிவும் வாக்குரிமையும் பெற உழைத்த அமெரிக்கக் கறுப்பின ஆசிரியர் செப்டிமா கிளார்க். மே மாதம் வைக்கவிருக்கும் அவருடைய நினைவுக் கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகப் பிள்ளைகள் அவரைப் பற்றிச் செய்து இதுவரை கொண்டுவந்த அட்டைகள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் பலவற்றில் கணினியில் அச்சிட்ட எழுத்தோ பெரியவர்களின் கையெழுத்தோதான் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளையை வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வரியில் தடுமாறுகிறது. வாரம் முழுதும் வேலை, சனிக்கிழமை இரவுதான் நேரம் கிடைக்கிறது, நம் பிள்ளை மற்றவர்கள் முன் குறைந்துபோய்விடக் கூடாது என்ற தவிப்பு வேறு. எல்லாம் புரிகிறது. அந்த அக்கறையைக் குறை சொல்லவில்லை.

நாம் நினைவுகூர்வது யாரை என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். நாம் வாழும் இதே தென் கரோலைனாவில், சார்ல்ஸ்டனில் 1898 மே 3 அன்று பிறந்தவர் அவர். தந்தை அடிமையாகப் பிறந்தவர்; தாய் துணி வெளுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். 1916இல் செப்டிமா ஆசிரியர் பயிற்சி முடித்தபோது சார்ல்ஸ்டன் நகரப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களைச் சேர்க்கவில்லை. அதனால் ஜான்ஸ் தீவுக்குப் போனார். அங்கே அவரும் இன்னொருவருமாக 132 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அதே ஊரில் வெள்ளையர் பள்ளியில் மூன்றே பிள்ளைகள். அந்த ஆசிரியருக்குச் சம்பளம் 85 டாலர், இவருக்கு 35.

முதல் குழந்தை பிறந்த சில நாட்களில் இறந்தது. 1925இல் மகன் பிறந்தான். அதே ஆண்டு கணவர் காலமானார். தனியாக வேலை பார்த்துக்கொண்டு வளர்க்க முடியாமல், மகனை வட கரோலைனாவில் ஹிக்கரியிலிருந்த கணவரின் பெற்றோரிடம் விட வேண்டியதாயிற்று. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். எளிமையாகச் சொன்னால் சிறியவர்களுக்கும் புரியும்.

1956இல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டது. அதன்படி அரசு ஊழியர் எவரும் கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராக இருக்கக் கூடாது. கிளார்க் விலக மறுத்தார். நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியும் ஓய்வூதியமும் போயின. அந்தச் சட்டத்தை எதிர்க்கும்படி கேட்டு, கறுப்பின ஆசிரியர்கள் 726 பேருக்குத் தம் பெயரில், தாமே கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார். பதில் போட்டவர்கள் 26 பேர்.

அவருடைய பெரும்பணி அதற்குப் பிறகுதான். வாக்காளராகப் பதிய மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக்காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. படிக்கத் தெரியாத கறுப்பினத்தவர் இதனால் வாக்களிக்க முடியவில்லை. 1957 ஜனவரி 7 அன்று, ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் 14 பெரியவர்களுடன் முதல் குடியுரிமை வகுப்பு தொடங்கியது. முன்னால் மளிகை, பின்னால் பாடம். வெள்ளையர் சந்தேகப்படாமலிருக்க இந்த ஏற்பாடு. பெயரை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். கற்பவர் அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிப் பழகி, பிறகு தனித்தாளில் எழுதுவார். அன்று என்ன வேலை செய்தோம் என்று அவர் சொல்வதை ஆசிரியர் எழுதுவார். அதுவே வாசிப்புப் பாடமாகும். வாழ்நாள் முழுதும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டவர்கள் இப்படித்தான் தங்கள் பெயரை எழுதினார்கள். அவர்களுக்காக வேறு யாரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வகுப்புக்கே பொருளில்லை.

ஆகவே கண்டிப்பாகவே சொல்கிறேன். அச்சிட்ட பத்திகள், பெரியவர் எழுதிய பத்திகள், மொழிபெயர்ப்புச் செயலியிலிருந்து எடுத்து ஒட்டிய பத்திகள் உள்ள அட்டைகள் சுவரில் இடம்பெறாது. எந்த வகுப்புக்கும் இதில் விலக்கில்லை. அப்படி வந்தவற்றைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுக்கிறோம். மீண்டும் செய்ய இரண்டு ஞாயிறுகள் இருக்கின்றன.

அதே வகுப்பின் முறையை வீட்டில் செய்து பாருங்கள். முதல் நாள், கிளார்க்கைப் பற்றித் தெரிந்ததைப் பிள்ளை ஐந்து வாக்கியங்களில் பேச்சுத்தமிழிலேயே சொல்லட்டும். நீங்கள் அதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதுங்கள். மறுநாள் அதைப் பிள்ளை வாசித்து, தன் கையால் கோடு போட்ட தாளில் எழுதட்டும். பிழை இருந்தால் பென்சிலால் அடிக்கோடு மட்டும் போடுங்கள். திருத்துவது ஆசிரியர் வேலை. எழுதிய தாளை வெட்டி அட்டையில் ஒட்டினால், தவறு நேர்ந்தாலும் ஒரு துண்டைத்தான் மாற்ற வேண்டும். நேரடியாக அட்டையில் மார்க்கரால் எழுதி, கடைசியில் ஒரு பிழை வந்து அழுகையில் முடிவதைத் தவிர்க்கலாம். திரவப் பசை தாளைச் சுருக்கிவிடும், குச்சிப் பசை போதும். அட்டை 22க்கு 28 அங்குலம். தலைப்பை இடது ஓரத்திலிருந்து தொடங்கினால் ‘செப்டிமா பாயின்செட் கிளார்க்’ என்ற நீளமான பெயர் வலப்பக்கம் இடமில்லாமல் நெருங்கிவிடும். நடு எழுத்தைக் குறித்துக்கொண்டு இருபுறமும் பென்சிலால் எழுதிப் பாருங்கள். வரிகளுக்கிடையே அரை அங்குலமாவது இடம் விடுங்கள். இல்லையென்றால் மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும்.

தகவல் பிழைகளும் சில. 1957 வகுப்பின் முதல் ஆசிரியர் கிளார்க் அல்லர். அவருடைய உறவினரும் அழகுக்கலைஞருமான பெர்னீஸ் ராபின்சன். பள்ளி ஆசிரியரல்லாத ஒருவரைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். படிக்காதவர்களைத் தாழ்வாகப் பார்க்காதவர் வேண்டும் என்பதே காரணம். கிளார்க்கும் கறுப்பினத்தவர் உரிமைப் போராளி ரோசா பார்க்ஸும் சேர்ந்திருக்கும் 1955ஆம் ஆண்டுப் படத்தை வெட்டும்போது சிலர் பார்க்ஸின் முகத்தை ஒட்டிவிட்டார்கள். படக்குறிப்பைப் பார்த்து வெட்டுங்கள். கிளார்க்குக்கு ஓய்வூதியம் மீண்டும் கிடைத்தது 1976இல். அவர் மறைந்தது 1987 டிசம்பர் 15 அன்று.

எழுத்து கோணலாக இருக்கலாம். பிள்ளை தானே எழுதிய மூன்று வரி போதும், முழு மனதோடு சுவரின் நடுவில் வைப்போம். எழுதச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்; வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கூட இருந்து உதவ அவர்கள் முன்வந்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலை ஓய்வை விட்டுவிட்டு, தொலைவிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள். மேசை தூக்குகிறீர்கள், சிற்றுண்டி கொண்டுவருகிறீர்கள். உங்கள் துணையில்லாமல் இந்தப் பள்ளி நடக்காது. மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்