அவசரமாக வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டி வந்தால்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கட்டணம், தேர்வு, சீருடை எதைப் பற்றியும் இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்காக அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

போன வாரம் பள்ளியில் அவசரமாக வெளியேறும் ஒத்திகை நடத்தினோம். மணி அடித்ததிலிருந்து கடைசிப் பிள்ளை மைதானத்துக்கு வந்து, தலை எண்ணி முடிக்க ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆனது. போன தடவைக்கு இது எவ்வளவோ மேல். ஒத்திகை முடிந்த கையோடு வகுப்பு வகுப்பாகப் போய் மூன்று கேள்விகள் கேட்டேன். ராத்திரி வீட்டில் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவாய்? வெளியே வந்ததும் எங்கே போய் நிற்பாய்? அம்மா அப்பாவின் போன் நம்பர் பார்க்காமல் சொல்லத் தெரியுமா?

முதல் கேள்விக்கு எல்லோரும் ஒரே குரலில் "வாசக்கதவு வழியா" என்றார்கள். பின் வரிசையில் ஒரு சின்னப் பையன் மட்டும் "அங்கதான் தீ எரியுதுன்னா, டீச்சர்?" என்று கேட்டான். அதுவரை சத்தமாக இருந்த வகுப்பு அமைதியாகிவிட்டது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே வரவில்லை, வந்ததெல்லாம் "அம்மா சொல்ற இடத்துல". மூன்றாவது கேள்விதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பெரிய வகுப்புப் பிள்ளைகளே "போன்ல சேவ் பண்ணியிருக்கு" என்கிறார்கள். நம்பர் மனப்பாடமாக வந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான், அதிலும் ஒரு பெண்குழந்தை சொன்னது பாட்டி வீட்டில் எப்போதோ எடுத்துவிட்ட லேண்ட்லைன் நம்பர்!

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே பெருமையாகக் கட்டிவைத்த அவசரப் பையை இறக்கினேன். இறக்குவதற்கே ஸ்டூல் தேடவேண்டியிருந்தது, பை பரண்மேல் இருந்தது. டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடந்தது. பவர் பேங்க்கில் சார்ஜ் சுத்தமாக இல்லை. மாத்திரைகள் காலாவதி. மகளுக்கு வைத்திருந்த உடுப்பு இப்போது அவளுடைய முழங்கைவரைகூட ஏறாது. என் வீட்டுக்காரரோ அதை யாருக்காவது கொடுக்கக் கட்டிவைத்த பழைய துணி என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அதாவது எங்கள் வீட்டில் ஒரு பை இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் பையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்து இரண்டு இடங்களை முடிவு செய்யுங்கள். ஒன்று, வீட்டுக்கு வெளியே கூப்பிடு தூரத்தில். தீ, கேஸ் கசிவு மாதிரி திடீரென்று ஓடிவரவேண்டிய சமயத்துக்கு இது. "வீட்டு முன்னால" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எதிர்வீட்டு கேட்டா, தெருமுனை விளக்குக்கம்பமா, கைகாட்டிச் சொல்கிற மாதிரி இருக்கவேண்டும். இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் பின்பக்கமாக வெளியே வந்து நிற்பார், முன்பக்கம் நிற்பவர் அவர் இன்னும் உள்ளேதான் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து மறுபடி புகைக்குள் ஓடுவார். வெளியே வந்துவிட்டவர் திரும்ப உள்ளே போகும்போதுதான் இரண்டாவது ஆபத்து. நிற்கவேண்டிய இடம் ஒன்றே என்றிருந்தால் யார் வந்தாயிற்று, யார் வரவில்லை என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வந்து சேராதவரைப் பற்றித் தீயணைப்பு வீரர்களிடம் சொல்லுங்கள், நீங்கள் போகாதீர்கள்.

இரண்டாவது இடம் கொஞ்சம் தள்ளி, உங்கள் பகுதிக்கு வெளியே. வெள்ளமோ புயலோ வந்து பகுதியையே காலி செய்யச் சொன்னால், அல்லது ஆளுக்கொரு மூலையில் இருக்கும்போது வீட்டுக்குத் திரும்ப முடியாமல் போனால், அங்கே சேரவேண்டும். அங்கே போவதற்கு இரண்டு பாதைகள் தெரிந்திருக்கட்டும். பாலம் வழியாக ஒன்று என்றால் பாலம் இல்லாமல் இன்னொன்று.

அப்புறம் அந்தச் சின்னப் பையனின் கேள்வி. ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியே வர இரண்டு வழி இருக்கிறதா என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். ஜன்னலில் கம்பி போட்டிருந்தால் அது திறக்கிற கம்பியா, பூட்டியிருந்தால் சாவி எங்கே? ராத்திரி வாசக்கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியிலோ கைப்பையிலோ வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் அது தொங்கட்டும். மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும், சுட்டால் திறக்காமல் வேறு வழியைப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். சூடான புகை மேலே ஏறும், சுவாசிக்கக்கூடிய காற்று தரையை ஒட்டித்தான் கொஞ்சம் மிச்சமிருக்கும், அதனால் தவழ்ந்து வரவேண்டும். வெளியே வரும்போது பின்னால் கதவைச் சாத்திவிட்டு வந்தால் தீயும் புகையும் பரவக் கூடுதல் நேரம் எடுக்கும். லிப்ட் வேண்டவே வேண்டாம். நிலநடுக்கம் என்றால் மட்டும் கதை வேறு. ஆடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஓடக்கூடாது, உறுதியான மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் நின்றபிறகுதான் வெளியே. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்போ ஷூவோ இருப்பது நல்லது. இருட்டில் உடைந்த கண்ணாடியை மிதித்துக் காலைக் கிழித்துக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான்.

போன் விஷயம். பெரிய ஆபத்து நேரத்தில் ஊரே ஒன்றாகப் போன் போடும், அழைப்பு போகாது. அந்த நேரத்திலும் எஸ்எம்எஸ் எப்படியாவது நுழைந்து போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அதனால் "நலம், இரண்டாவது இடத்தில் இருக்கிறேன்" என்கிற மாதிரி சின்னதாக ஒன்று அனுப்புங்கள். இன்னொன்று, வேறு ஊரில் இருக்கிற ஒரு உறவினரையோ நண்பரையோ குடும்பத்தின் தகவல் ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூருக்குள் ஒருவரையொருவர் பிடிக்க முடியாதபோதும் வெளியூர் லைன் கிடைத்துவிடுவதுண்டு, எல்லோரும் அவருக்கே சொல்லிவிட்டால் அவர் சேர்த்துவிடுவார். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும், நடுராத்திரியில் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அந்த நம்பர், உங்கள் நம்பர் இரண்டையும் பிள்ளைக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாக்குங்கள். ஒரு அட்டையில் எழுதிப் புத்தகப்பையிலும் போடுங்கள்.

இனிமேல் சொல்வது பள்ளி சம்பந்தப்பட்டது, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பள்ளி நேரத்தில் ஏதாவது நடந்தால் உங்கள் முதல் துடிப்பு இங்கே ஓடிவருவதாகத்தான் இருக்கும். எனக்கும் பிள்ளை இருக்கிறாள், புரிகிறது. ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் வண்டியோடு வந்தால் கேட் அடைபடும், ஆம்புலன்ஸ் உள்ளே வராது, நாங்கள் பிள்ளைகளைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்த முடியாது. ஜப்பானில் சுனாமி அடிக்கடி வரும் வடகிழக்குக் கடற்கரையில் "டெண்டென்கோ" என்று ஒரு சொல் இருக்கிறது. அவரவர் தனித்தனியாக, யாருக்காகவும் காத்திராமல் மேட்டுக்கு ஓடு என்பது அதன் பொருள். கேட்கக் கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் அம்மாவும் ஓடியிருப்பாள் என்று பிள்ளை நம்பவேண்டும், பிள்ளையும் ஓடியிருக்கும் என்று அம்மா நம்பவேண்டும், முன்னாடியே பேசிவைத்த குடும்பத்தால்தான் அப்படி நம்பமுடியும். காமாயிஷி நகரத்துப் பள்ளிகளில் இதை வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 2011 மார்ச் 11 சுனாமியின்போது அங்கே நடுநிலைப்பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓட, அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களும் கூடவே ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடம் போதாது என்று தோன்றியதும் இன்னும் மேலே ஏறினார்கள். அந்த நகரத்தில் கிட்டத்தட்ட 3000 பள்ளிப் பிள்ளைகளில் அநேகமாக எல்லோருமே பிழைத்தார்கள்.

ஆகவே நாங்கள் செய்தி அனுப்பும்வரை பொறுங்கள். பள்ளியிலேயே ஒப்படைப்போமா, வேறு இடத்திலா என்பதை அந்தச் செய்தியில் சொல்வோம். இந்தக் கடிதத்தோடு வரும் படிவத்தில் நீங்கள் பெயர் எழுதிக்கொடுத்த ஆளிடம் மட்டும்தான் பிள்ளையைத் தருவோம். சித்தப்பாவே வந்து நின்றாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் தரமாட்டோம், அன்றைக்கு என்னோடு சண்டை போடுவதைவிட இன்றைக்கே அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது பை. கடைகளில் விற்கும் ரெடிமேட் பையை வாங்கவேண்டிய அவசியமில்லை, அதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது, தேவைப்படுகிற மூக்குக்கண்ணாடி அதில் இருக்காது. பலர் குழப்பிக்கொள்வது தண்ணீரில்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் அவசியச் சுத்தத்துக்குமாகக் கிட்டத்தட்ட 4 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது 48 கிலோ. இதைத் தூக்கிக்கொண்டு யாராலும் ஓட முடியாது! அந்தச் சேமிப்பு, வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டால் பயன்படுவதற்கு. தூக்கிக்கொண்டு கிளம்புகிற பையில் ஆளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும், மீதியை வழியில் நிரப்பிக்கொள்ளலாம். சந்தேகமான தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தால் கிருமி போய்விடும், ஆனால் அதில் எண்ணெயோ ரசாயனமோ கலந்திருந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை.

பைக்குள் நான் இப்போது வைத்திருப்பதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரைகள், கூடவே மருத்துவரின் சீட்டு நகல். சமைக்காமல் அப்படியே சாப்பிடக்கூடிய, சீக்கிரம் கெடாத உணவு. டார்ச், பேட்டரி தனியாக ஒரு கவரில் (உள்ளேயே போட்டுவைத்தால் என் டார்ச்சின் கதிதான்). பவர் பேங்க், சார்ஜர் வயர். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ. விசில், ஏனென்றால் இடிபாட்டுக்குள்ளிருந்து கத்திக் கத்தித் தொண்டை போய்விடும், விசிலுக்குக் கொஞ்சம் மூச்சு போதும். சில்லறையும் சின்ன நோட்டுகளுமாகக் கொஞ்சம் ரொக்கம், கரண்ட் இல்லாத இடத்தில் கார்டும் ஓடாது, போனில் பணம் அனுப்பவும் முடியாது. முதலுதவிக்கு வேண்டியது. ஆளுக்கு ஒரு மாற்றுடை. சானிட்டரி நாப்கின், சோப்பு, முகக்கவசம். அடையாள அட்டை, காப்பீடு, வீட்டுப் பத்திரம், மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் தண்ணீர் புகாத கவரில், இவற்றைப் போட்டோ எடுத்து இணையத்திலும் ஏற்றிவையுங்கள். குடும்பம் முழுக்கச் சேர்ந்து நிற்கிற ஒரு போட்டோவும் அச்சில் இருக்கட்டும், கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் "இந்தக் குழந்தையைப் பார்த்தீர்களா" என்று காட்ட அது உதவும்.

பிள்ளைக்கென்று தனியாக ஒரு சின்னப் பை கொடுங்கள், அதன் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம். அதை அவர்களே அடுக்கட்டும். பொம்மையோ கதைப்புத்தகமோ வைத்தால் "இதெல்லாம் எதுக்கு" என்று எடுத்துப் போடாதீர்கள், தெரியாத இடத்தில் தூங்கவேண்டிய ராத்திரியில் அந்தப் பொம்மைதான் அவர்களைத் தூங்கவைக்கும்.

பை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பரணில் வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து மாத்திரைத் தேதி, உடுப்பு அளவு, சார்ஜ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பள்ளி திறக்கும் வாரம், அரைப் பரீட்சை விடுமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர், கைக்குழந்தை, சக்கர நாற்காலியில் இருப்பவர் யாராவது இருந்தால் யார் அவரைத் தூக்குவது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள், அந்த ஆள் வேலைக்குப் போயிருந்தால் அடுத்தவர் யார் என்பதையும். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா முகாமிலும் நாய், பூனையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அதற்கும் ஒரு இடம் முன்பே பார்த்துவையுங்கள்.

கிளம்பச் சொல்லி அறிவிப்பு வந்தால் கிளம்பிவிடுங்கள், பக்கத்துவீட்டார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம், அவர்களும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேரம் இருந்தால், தரையும் கையும் காய்ந்திருந்தால், மெயின் சுவிட்சை அணையுங்கள், கேஸை மூடுங்கள். கேஸ் வாடை வந்தால் மட்டும் எந்த சுவிட்சிலும் கை வைக்காமல் வெளியேறுங்கள். ஓடும் வெள்ளத்தில் இறங்கவேண்டாம். 15 சென்டிமீட்டர், அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே ஓடும் தண்ணீரே பெரியவரைச் சாய்த்துவிடும். 60 சென்டிமீட்டர் ஓடினால் பெரும்பாலான கார்கள் மிதந்து இழுபட்டுவிடும்.

பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று சில அம்மாக்கள் என்னிடம் கேட்டார்கள். ஒத்திகை நாளன்று நான் பார்த்தவரை, என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வரிசையில் வந்தார்கள், அன்றுதான் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர்தான் அழுதார்கள். வீட்டிலும் ஒரு தடவை விளையாட்டாகச் செய்து பாருங்கள், ஒரு தடவை விளக்கை அணைத்துவிட்டு. எங்கள் வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செய்தோம். பதினொரு நிமிடம். அதில் நாலு நிமிடம் என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடியது.

இந்தக் கடிதத்தோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். உங்கள் இரண்டு சந்திப்பு இடங்கள், வெளியூர்த் தகவல் ஆளின் நம்பர், பிள்ளையை அழைத்துப்போக உரிமை உள்ள மூன்று பேரின் பெயர், பிள்ளைக்கு ஒவ்வாமையோ தினசரி மருந்தோ இருந்தால் அந்த விவரம், இவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். நம்பர் மாறினால் வருடக் கடைசிவரை காத்திராமல் அன்றே சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை நான் மறுபடி வகுப்புகளுக்குப் போய் அதே மூன்று கேள்விகளைக் கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்