மனக்கண்ணில் தூண் எண்ண முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடத்தை மனதில் படமாகப் பார்த்துப் படி என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். எல்லாருக்கும் அது வராது. 1880-இல் ஆங்கிலேய அறிஞர் கால்டன், காலைச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார்க்கச் சொன்னபோதே சிலர் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். 2015-இல் இப்படி மனதில் படம் வராத நிலைக்கு 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். நோயல்ல.

தெளிவாகத் தெரிகிறவர்களும் ஏமாறுவார்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைக் கண்ணை மூடி நினையுங்கள், பளிச்சென்று நிற்கும். சுற்றியுள்ள சிறு தூண்களை எண்ணப் போனால் நழுவும். பார்த்தபோது எண்ணாததை மனக்கண் எங்கே போய் எண்ணும்? விட்ட இடத்தை ஊகம்தான் நிரப்பும்.

அதனால் பிள்ளைகள், அறிவியல் பாடத்திலுள்ள இதயப் படத்தை இரண்டு நிமிடம் பார்த்து, புத்தகத்தை மூடி, பென்சிலால் வரைந்து ஒப்பிடட்டும். தவறியதை மட்டும் மறுநாள் வரைந்தால் போதும். படத்தில் இதயத்தின் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாக இருக்கும். அதிகம் சறுக்குவது அங்கேதான்.

உளவியல் ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.