நாமினி அண்ணன் என்றால் அம்மாவுக்குப் பங்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குறுவை அறுப்பு முடிந்த கையோடு அப்பா காலமானார். நெல் விற்ற பணத்தை அவ்வப்போது வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவந்தார். ரசீதில் நாமினி, அதாவது தனக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்ள அப்பா குறித்துக் கொடுத்தவர், அண்ணன். அம்மா போய்க் கேட்டபோது, "நாமினிக்குத்தான் பணம், உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை" என்று கவுன்ட்டரிலேயே அனுப்பிவிட்டார்கள்.

முதல் பாதி சரி. நாமினியிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் வாங்கியவர் அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் 1984-இல் ஒரு காப்பீட்டு வழக்கில் இப்படித்தான் சொன்னது. 2023-இல் நிறுவனப் பங்குகள் பற்றிய வழக்கிலும் அதையே சொன்னது. (ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, மனைவியோ பிள்ளையோ பெற்றோரோ நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே.)

உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. எங்கள் வீட்டில் அப்பாயி, அம்மா, அண்ணன், நான் என ஆளுக்குக் கால் பங்கு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன பங்கு என்று கருமாதிப் பந்தலிலேயே முணுமுணுத்தவர்களும் இதைப் படிக்கட்டும்.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயர்தான் முதலில் இருக்கிறது. அதைக் காட்டியும், "பையனிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்பதே பதில். நடவு, களையெடுப்பு என்று அந்தப் பணத்தில் பாதி அம்மாவின் முதுகு ஒடிந்து வந்தது. நாமினியிடம் பணம் கொடுக்கும்போதே, மற்ற வாரிசுகளின் உரிமை இதனால் போய்விடாது என்று தமிழில் எழுதிய ஒரு தாளை வங்கிகள் குடும்பத்தாருக்குக் கொடுக்க வேண்டும்.

வாசகி, மன்னார்குடி வட்டம்