தாய்க்கொடியைக் காட்டுங்கள், ஐயா

முந்திரிகை (திராட்சை) நடுதடி வழங்கும் அலுவலகத்தின் மேலதிகாரி அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

முந்திப் பழுக்கும் கார்டினல் வகை முந்திரிகை என்று அட்டை கட்டி நீங்கள் தந்த 40 தடிகளை வாங்கிப்போன, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் தோட்டக்காரன் எழுதுகிறேன். அன்றைக்கு எடுத்த படத்தில் நானும் நிற்கிறேன், சிரித்த முகத்தோடு.

1939இல் கலிபோர்னியாவில் கலந்தெடுத்த வகை, பெரிய சிவப்புப் பழம் என்பதெல்லாம் உங்கள் வகுப்பில் படித்ததுதான். அதை நம்பித்தான் நகையை அடகு வைத்துத் தூணும் கம்பியும் வாங்கிப் பந்தல் போட்டேன். ஆனியில் கத்தரித்தால் புரட்டாதியில் வெட்டலாம், மாரிக்குத் தப்பலாம் என்பது கணக்கு.

ஒன்றரை வருசம் இறைத்தேன். புரட்டாதி பாதி கடந்தும் குலை கல்லுப்போலப் பச்சை. அப்புறம் நிறம் பிடித்தது, கருநீலமாக. பக்கத்துத் தோட்டத்து அண்ணை ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, "தம்பி, இது எங்கட பழைய இஸ்ரேல் புளு வகையெல்லோ" என்றார்.

ஐப்பசி பிறந்ததும் இரண்டு இரவு மழை. மூன்றாம் நாள் ஸ்டூலில் ஏறி, வெடித்த பழங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்தேன். சாறு முழங்கைவரை வடிந்தது, குளவி கையை விட்டு விலகவில்லை. குலையில் பாதி நிலத்தில். வியாபாரி தராசை வண்டியிலிருந்து இறக்கவேயில்லை.

இஸ்ரேல் புளுவில் குறையில்லை, ஐயா. இந்தச் செம்பாட்டு மண்ணில் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்ட பழம் அது. பிந்திப் பழுக்கும் அந்த வகைதான் என்று சொல்லித் தந்திருந்தால் இன்னும் முந்திக் கத்தரித்திருப்பேன். இலையில்லாத தடியைப் பார்த்து வகை சொல்ல என்னால் முடியாது. தாய்க்கொடி எதுவோ, தடியும் அதுதான். ஆகவே தடி வெட்டும் கொடியைப் பழத்தோடு காட்டுங்கள்.

முறையிட வந்தபோது, "மண்ணின்ர குணம்" என்று பதில் வந்தது. அப்படியென்றால் அடுத்த போகம் என் கத்தரிச் செடியில் தக்காளி காய்க்கும், பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1977இல் இறக்குமதியைத் திறந்து எங்கள் மிளகாயையும் வெங்காயத்தையும் விழுத்தினார்கள். 2021இல் செயற்கை உரத்தைத் தடுத்தார்கள். முடிவு கொழும்பில், அடி தோட்டத்தில். சரி, அவை உங்கள் கையில் இல்லை. தாய்க்கொடி இருக்கிறது.

சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடி வழங்குமுன், பழம் தொங்கும் நாளொன்றில் எங்களைக் கூப்பிட்டு அந்தக் கொடியைத் தயவுசெய்து காட்டுங்கள். வகுப்பில் தரும் வடையும் தேநீரும் அன்றைக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
கோண்டாவில் தோட்டக்காரன்