செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

நம் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிறிஸ்தவ ஆயர்களின் முதல் பொதுச்சங்கமான நிசேயா சங்கம் நிசேயா நகரத்தில் கூடியது கி.பி. 325இல். 2025இல் அதற்கு 1700 ஆண்டு நிறைந்ததால், ஆதித் திருச்சபையோடு தொடர்புள்ள ஏதாவது ஒரு நகரத்தின் பழங்காசை ஆளுக்கு ஒன்று தேடிப் பிடிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். தபால் செலவும் சுங்கவரியும் நீங்கலாகக் காசின் விலை 4,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. அதைக் கேட்டுப் பின்வரிசையில் சிரித்தவர்கள்தான் முதலில் வாங்கி வந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அதிகம் பேர் வாங்கியது நிசேயா காசு. ரோமப் பேரரசன் மூன்றாம் கோர்டியன் (238–244) காலத்துச் சிறு வெண்கலம். ஒருபுறம் அந்த இளம் பேரரசனின் தலை, மறுபுறம் படைக்கொடிகள். கொடிகளுக்கு நடுவே கிரேக்க எழுத்துகளைப் பிய்த்துப் போட்டதுபோல் ஊர்ப்பெயர் இருக்கும். ஏராளமாக அடித்த காசு என்பதால் இன்றும் மலிவு. சிலுவை எங்கே என்று சிலர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஆயர்கள் கூடுவதற்கு 80 ஆண்டு முந்தைய காசில் சிலுவை எப்படி வரும்?

ஒரு கூட்டம் முழுவதையும் விழுங்கியது பிலிப்பி காசு. கட்டைவிரல் நகத்தளவுதான். ஒரு பக்கம் வெற்றித் தேவதை, மறுபக்கம் மூன்று படைக்கொடிகள். கிரேக்கம் பேசும் நாட்டில் அடித்த காசில் எழுத்து ஏன் லத்தீன் என்று ஒருவர் கேட்டார். ஓய்வு பெற்ற ஆசிரியரான நம் மூத்த உறுப்பினர் விளக்கினார்: அது ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களைக் குடியேற்றிய ஊர், சட்டப்படி ரோமக் குடியேற்றம். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் பவுலையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், இவர்கள் ரோமக் குடிமக்கள் என்று தெரிந்ததும் பயப்படுகிறார்கள் அல்லவா? ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்கக் கூடாது; அந்தச் சட்டம் நடந்த ஊர் இது என்று காசின் லத்தீன் எழுத்தே சொல்கிறது என்றார். அன்றைக்கு டீ ஆறிப்போனது.

அந்தியோகியா, தெசலோனிக்கா காசுகளும் வந்தன. நான்காம் நூற்றாண்டுச் செம்புக் காசுகளில் அடிவிளிம்பில் உள்ள எழுத்தைப் படித்தால் எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று தெரிந்துவிடும். கரூரில் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த பிற்கால ரோமக் காசுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை புதிதல்ல.

இனி ஒரு குறை. வேதாகமத்தில் ஏழை விதவை காணிக்கை போட்ட 'விதவையின் காசு' என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் யூத அரசன் அலெக்சாண்டர் யன்னேயஸ் காலத்துத் தேய்ந்த செம்புத் துணுக்குகள். ஒருபுறம் நங்கூரம், மறுபுறம் நட்சத்திரம். காசு கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் குவியலாகவே கிடைக்கிறது. நாம் கொடுப்பது கதைக்கான விலை. நம் பழைய வேதாகமம் அதை 'ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு' என்கிறது. துட்டுக்கேற்ற விலையில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

கதைக்கு மயங்கியவர்களில் நானும் ஒருவன். நிபந்தனையை மீறி, இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு இந்த வகைதான் என்று சொல்வார்களே, அந்தத் தீரு நகர வெள்ளி ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். சுமார் 14 கிராம் இருக்க வேண்டியது 11 கிராம்தான் இருந்தது. விளிம்பைச் சுற்றி, அச்சால் அடித்த காசில் இருக்கக் கூடாத வார்ப்பு மடிப்பு வேறு. போலி. அதன் விளைவாகச் சங்கத்துக்கு ஒரு மின்னணுத் தராசு வாங்கியிருக்கிறோம். என் காசும் அதனருகே காட்சிக்கு இருக்கிறது, தொட்டுப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம்.

சட்டம் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசை நாமாக வெளிநாட்டு நண்பருக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. மாற்றிக்கொள்ளலாமே என்று யாரும் உறையில் போட்டுவிட வேண்டாம். மண்ணில் புதையலாகக் கிடைத்த காசின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த ஆண்டுக்கு வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபை நகரங்களைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. எபேசுவின் தேனீக் காசுக்கு இப்போதே மூன்று பேர் துண்டு போட்டுவிட்டார்கள். அந்த ஏழில் தியத்தீராவுக்கு ஆள் தேவை. சந்தா பாக்கி உள்ளவர்கள் டீ இடைவேளையில் என்னைப் பார்க்கவும்.

செயலாளர்