நின்று விளையாடும் எதிரி

மதுரை,
தை மாதக் கடைசி

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் பொங்கல் கூட்டத்துக்கு நடுவே வந்தது. பதில் போட இப்போதுதான் கை ஒழிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவர் கேட்கிற ஆளா? பழங்காநத்தம் வீட்டை விற்கிற பேச்சு அப்படியே கிடக்கிறது. சின்ன மாமா வாயைத் திறந்தால் நானும் திறப்பேன். அவர் திறக்கிற வழியாக இல்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மொபைல் கேமுக்கு, தானே ஆடி ஆடிக் கற்றுக்கொள்ளும் எதிரி ஒன்றைப் பழக்கியிருக்கிறீர்கள், ஆனால் ஆடிப் பார்த்தவர்கள் பத்து நிமிஷத்தில் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இதைப் போய் ஒரு கணக்கு வாத்தியாரிடம் கேட்கிறாரே என்று சுபா சிரிக்கிறாள். கேட்டுவிட்டாய், அனுபவி.

ஜெயிக்கத் தெரிந்த எந்திரம் இப்போது பழைய செய்தி. 1997இல் டீப் புளூ என்ற செஸ் எந்திரம் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. 2016இல் 'கோ' என்ற பலகை விளையாட்டில் ஆல்பாகோ என்ற நிரல், கொரிய ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று சாய்த்தது. 2019இல் டோட்டா 2 என்ற கணினி விளையாட்டின் உலக சாம்பியன் அணியையே ஓபன்ஏஐயின் நிரல் தோற்கடித்தது. அவையெல்லாம் ஜெயிப்பதற்கென்றே கட்டியவை. உன் எதிரிக்கு வேலை வேறு. பஸ்ஸுக்கு நிற்கிற பையன் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை மூச்சு வாங்க ஜெயித்து, பஸ் வந்தும் ஏறாமல் நிற்க வேண்டும்.

இந்த வருஷமும் அலங்காநல்லூர் போயிருந்தேன். சில மாடு வாடிவாசலை விட்டு வந்த வேகத்தில் ஒரே பாய்ச்சலாகக் களத்தைத் தாண்டிப் போய்விடும். யாரும் தொடவில்லை, மாட்டுக்காரருக்குப் பரிசு, கூட்டம் அடுத்த மாட்டுக்குத் திரும்பிவிடும். இன்னொரு வகை வாசல் முன்னாலேயே நின்றுகொள்ளும். தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறும். கிட்ட வந்தவனை ஒரு சுற்றுச் சுற்றி விரட்டும். அவன் தடுப்பு மேல் ஏறிவிட்டால் அப்படியே நின்று, இறங்கி வருகிறானா என்று பார்க்கும். மைக்கில் "மாடு நின்னு வெளையாடுது" என்பார்கள். வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்த மாட்டைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் பழக்கியிருப்பது முதல் வகை என்று எனக்குத் தோன்றுகிறது.

நின்று விளையாட ரொம்ப மூளையும் வேண்டியதில்லை. தெற்குவாசல் டிவி கேம் கடையில் பாக்மேன் ஆடும்போது, பேய்கள் நாலும் கூட்டுச் சேர்ந்து நம்மை மடக்குகின்றன என்று நீ சத்தியம் செய்வாய். 1980இல் வந்த அந்த விளையாட்டைத் தோரு இவாடானி குழு வடிவமைத்தபோது ஒவ்வொரு பேய்க்கும் ஒரு சின்ன விதிதான் கொடுத்திருக்கிறார்கள். சிவப்புப் பேய் நாம் நிற்கும் கட்டத்தை நோக்கியே வரும். இளஞ்சிவப்பு, நாம் பார்க்கும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும். அதனால்தான் எதிரே வந்து மறிப்பதுபோல இருக்கும். நீலம், சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும். ஆரஞ்சு எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருந்தால் துரத்தும், நெருங்கினால் தன் மூலைக்கு ஓடும். ஒன்றோடொன்று அவை எதுவும் பேசிக்கொள்வதில்லை. நாலு விதியும் சேரும்போது சதி மாதிரி நமக்குத் தெரிகிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதில் உள்ள ஓய்வு. முதல் லெவலில் பேய்கள் 7 வினாடி தங்கள் மூலைகளுக்குப் போய்ச் சுற்றும், பிறகு 20 வினாடி துரத்தும், மறுபடி மூலைக்குப் போகும். லெவல் ஏற ஏற அந்த ஓய்வு சுருங்கும். இடைவிடாமல் துரத்தினால் ஆடுகிறவன் நொந்துபோவான் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். உன் எதிரிக்கு மூச்சு விடுகிற நேரம் என்று ஏதாவது வைத்திருக்கிறாயா? நீ எழுதியதில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை.

பிற்பாடு வந்தவர்கள் இதைத் தனி வேலையாகவே ஆக்கிவிட்டார்கள். 2008இல் வால்வ் வெளியிட்ட லெஃப்ட் 4 டெட் விளையாட்டில், எதிரிகளை ஓட்டும் நிரலுக்கு மேலே 'டைரக்டர்' என்று இன்னொன்று உட்கார்ந்திருக்கும். நாலு ஆட்டக்காரர்களும் எவ்வளவு அடி வாங்கினார்கள், எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார்கள் என்று அளந்துகொண்டே வரும். நெருக்கடி உச்சத்துக்குப் போனால் எதிரிக் கூட்டத்தை நிறுத்திக் கொஞ்சம் மூச்சு விட வைக்கும். ஆசுவாசப்பட்டதும் மறுபடி அவிழ்த்துவிடும்.

2014இல் வந்த ஏலியன்: ஐசோலேஷன் அதைவிடக் கெட்டிக்காரத்தனம். அதில் நம்மை வேட்டையாடும் ஜந்துவுக்கு இரண்டு மூளை. மேலே இருப்பதற்கு நாம் ஒளிந்திருக்கும் இடம் எப்போதும் தெரியும். உடம்பை ஓட்டும் மூளைக்குத் தெரியாது. மேலே இருப்பது அவ்வப்போது "அந்தப் பக்கம் போய்ப் பார்" என்று தோராயமாகச் சொல்லும், மிச்சத்தை ஜந்து கண்ணாலும் காதாலும்தான் தேட வேண்டும். நம்மை ரொம்ப நேரம் நெருக்கிவிட்டது என்று பட்டால் அதைத் தூர அனுப்பிவிடும். வேட்டையாடும் ஜந்துவுக்கே எல்லாம் தெரிந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும் அல்லவா? தெரிந்த ஒன்றைத் தெரியாமல் வைத்திருப்பதற்கு இவ்வளவு வேலை.

மூளையைக் குறைத்தால் எதிரி எளிதாகிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் மருமகள் போனில் செஸ் ஆடுகிறாள். கீழ் லெவல் வைத்தால் என்ன ஆகிறது தெரியுமா? இருபது நகர்த்தல் வரைக்கும் ஆனந்த் மாதிரி ஆடுகிறது. திடீரென்று காரணமே இல்லாமல் ராணியைச் சிப்பாய் வாயில் கொண்டுபோய் வைக்கிறது. போன வாரம் அவள் ராணியை வெட்டாமலே என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, இது வேணும்னே தோக்குதுப்பா." அதற்கப்புறம் அவளுக்கு ஆட மனசு வரவில்லை. இதற்கு மாற்றாக 2020இல் மாயா என்று ஒரு செஸ் நிரல் செய்தார்கள். லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு பழக்கி, 1100இலிருந்து 1900 வரை ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) உள்ள ஆட்கள் அடுத்து எதை நகர்த்துவார்கள் என்று கணிக்க வைத்தார்கள். சிறந்த நகர்த்தல் எது என்று அது தேடுவதில்லை, நம்மைப் போன்றவன் எங்கே சறுக்குவான் என்று கற்றிருக்கிறது. உங்கள் ஆட்கள் இந்த வழியைப் பார்க்க வேண்டும். தனக்குத்தானே ஆடிக் கற்ற எதிரி மனிதனைப் பார்த்ததே இல்லையே!

அடுத்தது மறைத்து உதவுவது. ரெசிடென்ட் ஈவில் 4 (2005) என்ற விளையாட்டு, நாம் திணறினால் நமக்குத் தெரியாமலே இளகும், நன்றாக ஆடினால் இறுகும். சிவிலைசேஷன் விளையாட்டை வடிவமைத்த சிட் மேயர் 2010இல் பேசும்போது சொன்ன விஷயமும் இதோடு சேர்ந்தது. திரையில் மூன்றுக்கு ஒன்று, அதாவது நாலில் மூன்று தடவை ஜெயிப்பது நாம்தான் என்று காட்டிவிட்டால், தோற்கிற அந்த நாலில் ஒரு தடவையை ஆட்டக்காரர்கள் பொறுத்துக்கொள்வதே இல்லை. அதனால் அவர் கணக்கையே ஆட்டக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்த்துவிட்டார். கணக்கு வாத்தியாராக எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன், வகுப்பில் நானும் முதல் கணக்கை எளிதாகத்தான் போடுகிறேன்.

எனக்குள்ள கோடு இதுதான். தோட்டா கூட இரண்டு கிடைக்கட்டும், எதிரி சுடுவதற்கு முன் அரை வினாடி தயங்கட்டும், தப்பில்லை. சுட்டது நான், தப்பியது நான். ஆனால் ஜெயிப்பையே எடுத்து என் கையில் வைக்காதே. அக்கா மகன் ஆடுகிற போர்க்கள விளையாட்டில் ஆரம்ப ஆட்டங்களில் எதிரே வருவதெல்லாம் பாட், அதாவது மனிதன் இல்லாமல் நிரலே ஆட்டுகிற ஆட்டக்காரன். பெயர் மட்டும் மனிதப் பெயர். நட்டநடு வயலில் நின்று சுட்டுக்கொண்டே இருக்கும், ஒன்றும் படாது. அவன் முதல் நாள் 'சிக்கன் டின்னர்' (கடைசி ஆளாக நின்று ஜெயிப்பதற்கு அங்கே அந்தப் பெயர்) அடித்துவிட்டுத் தெருவுக்கே சொன்னான். பாட் என்று நண்பன் ஒருத்தன் சொன்ன அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. பாட் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட் என்று எழுதிப் போடு.

இன்னொன்று உன் முதலாளி காதில் விழ வேண்டும். ஆட்டக்காரனுக்காக லெவலை ஏற்றி இறக்குவது ஒன்று, அவன் பர்ஸுக்காக ஏற்றுவது இன்னொன்று. 2017இல் ஆக்டிவிஷன் என்ற விளையாட்டுக் கம்பெனிக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. பொருள் வாங்கத் தூண்டும் விதமாக யாரை யாரோடு மோதவிடுவது என்பதற்கான முறை. எந்த விளையாட்டிலும் அதைச் சேர்க்கவில்லை என்று கம்பெனி சொன்னது. இருக்கட்டும், யோசித்து எழுதிப் பதிவும் செய்துவிட்டார்களே! பதினேழாவது லெவலில் எதிரியைத் திடீரென்று முரடாக்கி, பக்கத்திலேயே பத்து ரூபாய்க்கு உயிர் விற்கிற கடையைத் திறந்தால், அதற்கு ஏஐ எதற்கு, கந்துவட்டிக்காரன் போதும்.

சோதனைப் பதிப்பை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்கள் நாலைந்து பேரை மாடியில் உட்கார வைத்து ஆடவிடுகிறேன். எவன் எந்த இடத்தில் போனை வைக்கிறான், எந்த இடத்தில் "இருடா, ஒரே ஒரு ஆட்டம்" என்கிறான் என்று நோட்டில் குறித்து அனுப்புகிறேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் சூப்பர் என்றுதான் சொல்வார்கள், அதனால் கேட்கப் போவதில்லை.

சித்திரைக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? அழகர் இறங்குகிற வாரம் பெங்களூர் பஸ்ஸில் இடம் கிடைக்காது, கடைசி நேரத்தில் புலம்பாதே. தங்கைக்கும் குழந்தைக்கும் சேர்த்தே போடு. அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
கண்ணன்