ரவிக்கையைத் திருப்பிப் போட்டவளுக்கு

பாப்பா,

"மறுபடி தெரபி போலாம்னு இருக்கேன், யார்கிட்ட போறதுன்னு மட்டும் சொல்லு" என்று நீ அனுப்பி பத்து நாள் ஆகிறது. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனம் நிலைக்காமல் சிதறுவது) சேர்ந்தே இருக்கிற உனக்கு எப்படிப்பட்டவர் சரிவருவார் என்பதுதான் கேள்வி. பொதுவில் எழுது, இன்னும் நாலு பெண்களுக்கு ஆகும் என்றதும் நீதான். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். அதனால் ஊர் பேர் இல்லை, முதலில் போன கவுன்சலர் யார் என்பதும் இல்லை.

யாரிடம் என்பதைவிட என்ன கேட்டுவிட்டுப் போகிறாய் என்பதுதான் முக்கியம். முதல் செஷனுக்கு முன்பே மெயிலில் கேள்: கண்ணைப் பார்த்துப் பேசவைப்பதும் கையை ஆட்டாமல் உட்காரவைப்பதும் உங்கள் சிகிச்சையின் இலக்கா? ஆமாம் என்றால் போகாதே. அந்த நடிப்பை முப்பது வருஷமாக இலவசமாகவே செய்கிறாய், அதற்குக் காசு வேறு கொடுப்பானேன்.

டியூப்லைட்டை அணைக்கலாமா, ஆன்லைன் என்றால் கேமராவை மூடிவிட்டு டைப் செய்யலாமா, பேசியதன் சுருக்கம் எழுத்தில் கிடைக்குமா என்பதையும் கேள். சலுகை கேட்கிறோமே என்று கூசாதே. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் 2012-லேயே சொல்லிவிட்டது: உவமைப் பேச்சைக் குறை, எழுத்தையும் படத்தையும் கூட்டு, இடைவேளை விடு, அவருக்குப் பிடித்த விஷயத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவா.

"இந்த உணர்ச்சி உடம்புல எங்க இருக்கு?" என்று அந்த முதல் கவுன்சலர் கேட்டபோது நீ பேசாமல் இருந்தாய். ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டார். உணர்ச்சிக்குப் பெயர் வைக்க வராதவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏராளம். அவர்களிடம் திறந்த கேள்வி போடக் கூடாது. வயிறு இறுகுதா, காது சூடாகுதா, 0-லிருந்து 10-க்குள் எவ்வளவு என்று தேர்வு கொடுத்துக் கேட்க வேண்டும்.

பிறகு அந்தக் கட்டம் போட்ட தாள்கள். 'ஆபீஸில் என்னை ஒதுக்குகிறார்கள்' என்று எழுதினாய். அதற்கு எதிர் ஆதாரம் தேடச் சொன்னார். ஒதுக்கத்தானே செய்தார்கள்? நடந்ததையே சிந்தனைப் பிழை என்று திருத்தினால் உன் கண்ணையே நீ நம்பாமல் போவாய். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவர் மேல் மட்டும் பழி போடாதீர்கள் என்று டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012-ல் எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ளவர்.

மிக்ஸி சத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகு என்றதும் அதே கோளாறுதான். பயத்துக்கு அது வேலை செய்யும். வலிக்கிற காதை அப்படிப் பழக்குவது கஷ்டம். காதடைப்பான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அவரைச் சொல்லி என்ன. 2011, என் நிச்சயதார்த்தம். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாய். பட்டு ரவிக்கையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி போட்டிருந்தாய். கைவிளிம்பில் மடித்துத் தைத்த இடத்தில் வெட்டுப்பட்ட ஜரிகை முனைகள் முள் முள்ளாக நின்றன. "முந்தானைய இழுத்து மூடிக்கறேன்க்கா, யாருக்கும் தெரியாது." யாரிடமும் கேட்காமல் நீயே கண்டுபிடித்த வழி, யாருக்கும் செலவில்லாத வழி. "ஒரு நாள் பொறுத்துக்க மாட்டியாடி?" என்று கழற்றிப் போடவைத்தேன். ஆல்பத்தில் சிரிக்கிறாய். ராத்திரி பார்த்தால் இரண்டு கையிலும் சிவப்பு வளையம். மூன்று நாள் நீ வாயே திறக்கவில்லை, நாங்கள் அதற்குத் திமிர் என்று பேர் வைத்தோம்.

மன்னித்துவிடு. ஆனால் ஒன்று: எனக்குச் சொல்லிக்கொடுத்த மனநலப் பாடமே பையன்களைப் பார்த்து எழுதியது. 1943-ல் ஆட்டிசம் பற்றி எழுதிய மனநல மருத்துவர் கேனர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒருவருக்கே இருக்கிறது என்று எழுத மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு 2013 வரை இடமே கொடுக்கவில்லை. இது சாக்குதான், தெரியும். நான்தான் உன்னை அந்த கவுன்சலரிடம் அனுப்பினேன், அதற்கு எந்தக் கையேடும் பொறுப்பில்லை.

நீயும் சும்மா இல்லை. எட்டு மாதம் போனை எடுக்கவில்லை. அம்மாவின் கேள்விக்கெல்லாம் தினமும் நான்தான் பதில் சொன்னேன். "அவளுக்கு என்னதான்டி?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம்.

சரி, விடு. புதியவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது: உனக்கு வந்தது வெறும் டிப்ரஷன் இல்லை, பர்ன்அவுட், அதாவது வருஷக்கணக்காக நடித்துச் சமாளித்ததில் ஆளே ஓய்ந்துபோவது. டிப்ரஷன் என்றால் அட்டவணை போட்டு வெளியே போ, ஆட்களைப் பார் என்பார்கள். பர்ன்அவுட்டில் அதே அட்டவணை ஆளைப் படுக்கவைத்துவிடலாம். சமைக்கத் தெரிந்தவளுக்குச் சமைக்க வராமல் போனது, வெளிச்சமும் சத்தமும் முன்பைவிடத் தாங்காமல் போனது, இரண்டையும் தேதியோடு எழுதிக்கொண்டு போ. முதலில் சுமையைக் குறைக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். மாதவிலக்குத் தேதிகளையும் சேர்த்துக் குறி. ஏடிஹெச்டி உள்ள பல பெண்களுக்கு அதற்கு முந்தைய வாரத்தில் கவனம் இன்னும் சிதறும், அந்த வாரத்தை வைத்து யாரும் உன்னை எடைபோடக் கூடாது.

ஹோம்வொர்க் ஒன்றுக்கு மேல் வாங்காதே. அதுவும் ஐந்து நிமிஷ வேலையாக இருக்கட்டும், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவை. செய்ய மறந்தால் ஏன் மறந்தது என்பதையே அடுத்த செஷனில் பேசலாம். அதற்கு முகம் சுளிப்பவரிடம் மூன்றாவது தடவை போக வேண்டாம்.

மூன்று பேர் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். மூன்று பேருமே எனக்குப் பழக்கமில்லாதவர்கள், வேண்டுமென்றேதான். அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்கா